நாலரை சொன்னால் சரி

“தொடுது… தொடுது… தொடல. தொடுது… தொடல, தொடல…”

காலை ஒன்பதேகாலுக்கு இந்த முணுமுணுப்பு ஆரம்பித்தால் பதினொரு மணித் தேநீர் வரும்வரை ஓயாது. மேஜைமேல் அச்சடித்த தாள்கட்டு. கையில் பென்சில். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு சின்ன டிக். கணினி எண்ணிக் கொடுத்த பட்டியலைக் கையால் மறுபடி சரிபார்க்கிற மனிதர் அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். “மெஷின் பொய் சொல்லாதுங்க. அதுக்குச் சொல்லிக் கொடுத்தவன் சொல்லலாம்ல?” என்பார். சொல்லிக் கொடுத்தவரும் அவரேதான் என்பதை இத்தனை வருஷத்தில் ஒருவரும் எடுத்துச் சொன்னதில்லை.

அவர் பெயரைக் கேட்டால் காவலாளிக்கே தெரியாது. “நாலரை எங்கே?” என்று கேளுங்கள், வழி சொல்வார். இரண்டாம் மாடி, நடைபாதைக் கடைசி, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்து ஏ.சி. பெட்டிகளின் முதுகுதான் தெரியும். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாத ஜன்னல் வேலைக்கு நல்லது என்பது அவர் கட்சி.

வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பாடம் இது. புரதம் என்பது கோத்த மணிமாலை. மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர், மொத்தம் இருபது ரகம். மாலையைக் கழற்றி மேஜைமேல் போட்டால் சுருண்டு கிடக்குமல்லவா? அப்போது கோத்த வரிசையில் எங்கோ இருக்கிற மூன்றாம் மணியும் நூறாம் மணியும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் புரதம் நிற்கும், வேலை செய்யும், அல்லது கவிழ்ந்து படுக்கும். ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அதை எடுத்துத் தூரம் அளந்து, யாரை யார் தொடுகிறார் என்று பட்டியல் போடுவது இவர் வேலை.

கல்யாணமான புதிதில் மனைவிக்கும் இதே பாடம் நடந்திருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டு அந்தம்மா, “அதாவது, யார் பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு எழுதறீங்க. கல்யாண வீட்டுல எங்க அத்தை இதைச் சம்பளமே இல்லாம செய்வாங்க” என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் மனிதர். சிரித்துவிட்டு உடனே, “ஆனா அத்தை தூரம் அளக்க மாட்டாங்கல்ல” என்று சேர்ப்பார். விட்டுக்கொடுக்க மனசு வராது.

தூரம்தான் எல்லாம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். இரண்டு மணிகளின் அணுக்களுக்கு நடுவே நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகிறது, தாண்டினால் தொடவில்லை. நாலு புள்ளி ஐந்து ஒன்று என்று வந்தால்? “தொடல.” ஒரு நூலிழைதானே என்று கெஞ்சினால்? “நூலிழைன்னா நூலிழை. இன்னைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து நிப்பார்.” நாலரை என்ற பெயர் இப்படி வந்தது. கோபிக்க மாட்டார். உள்ளூர அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முகம் நினைவிருக்காது, எண் நினைவிருக்கும். பக்கத்து அறைக்காரரை மூன்று வருஷமாக “இருநூத்தி ஆறு” என்றுதான் குறிப்பிடுகிறார். மூன்றரை மணிக்கு ஒரு வாழைப்பழம், நின்றுகொண்டே. மழை வந்தாலும் வராவிட்டாலும் நாற்காலி முதுகில் ஒரு குடை. இன்னொரு விசேஷம், திரையில் படம் பார்க்க மாட்டார். புரதத்தைக் கலர் கலராக வரைந்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுகிற மென்பொருள்கள் எத்தனையோ உண்டு. மற்றவர்கள் அதிலேயே குடியிருப்பார்கள். இவர் மட்டும், “படம் பாத்துக் கதை சொல்ற பொழப்பு எனக்கு வேண்டாம். எண் என்ன சொல்லுதோ அதான்” என்று கையை விரித்துவிடுவார்.

அந்தப் பிடிவாதம் அவருக்கு நல்ல பெயரைத்தான் வாங்கிக் கொடுத்தது. ஆயிரத்து நூற்று நாற்பது புரதங்களுக்கு அவர் போட்ட தொடுகைப் பட்டியல் எங்கெங்கோ இருக்கிற ஆய்வகங்களுக்கெல்லாம் போனது. கூட்டத்தில் சர்ச்சை வந்தால் குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நாலரை, தொடுதா?” என்பார். இவர் சொல்வார். அத்தோடு சர்ச்சை முடிந்தது. நாலரை சொன்னால் சரி.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது தெரிய ஆனைக்குப் பதினொரு வருஷம் ஆகலாம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. கடல் கடந்த ஏதோ ஒரு ஆய்வகத்திலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இன்ன புரதத்தில் எண்பத்தெட்டாம் மணியும் இருநூற்றுப் பதிமூன்றாம் மணியும் தொட்டுக்கொள்கின்றனவே, தங்கள் பட்டியலில் அந்த வரி காணோமே, ஏன்? இவர் அரை நிமிஷத்தில் பதில் தட்டினார்: தூரம் ஆறு புள்ளி ஒன்று, ஆகவே தொடவில்லை. மறுநாள் அந்த மனிதர் வார்த்தை ஒன்றும் எழுதாமல் ஒரு படத்தை மட்டும் அனுப்பினார்.

படம் பார்க்காதவர் அன்றைக்குப் பார்த்தார். எண்பத்தெட்டாம் எண்தான் பார்க்க வைத்தது. அந்த எண்ணை அவர் எங்கேயோ கேட்டிருந்தார், எங்கே என்றுதான் உடனே பிடிபடவில்லை.

எண்பத்தெட்டாம் மணிக்கு ஒரு நீட்டுக்கை. அந்தக் கை படத்தில் இரண்டாக இருந்தது. ஒன்று வெளியே பார்த்து மடங்கியிருந்தது. இன்னொன்று உள்ளே நீண்டு, எதிரில் இருந்த இருநூற்றுப் பதிமூன்றைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. இது அதிசயம் இல்லை. புரதம் கல் இல்லையே, அசையும். பத்து மூலக்கூறில் ஆறு இப்படிக் கை வைத்திருக்கும், நாலு அப்படி. கோப்பில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று இரண்டையும் ஒழுங்காக எழுதித்தான் வைத்திருப்பார்கள். முதல் நிலையில் தூரம் ஆறு புள்ளி ஒன்று. இரண்டாவதில் இரண்டு புள்ளி ஒன்பது.

அவர் பட்டியல் போடுகிற தன் கணினி நிரலைத் திறந்தார். இருபது வருஷத்துக்கு முன் உட்கார்ந்து எழுதியது. நாற்பத்திரண்டாம் வரியில் கிடந்தது: ஒரே மணி இரண்டு முறை வந்தால் முதலாவதை மட்டும் எடு. ஒருவரையே இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தால் இரண்டாம் நிலை ஒவ்வொன்றையும் கணினி படிக்காமலே தள்ளியிருக்கிறது. பட்டியலில் ஏறினால்தானே பென்சில் அதைப் பார்க்கும்? இல்லாத வரிக்கு யார் டிக் போடுவது?

தேநீர் வந்தது, ஆடை கட்டியது, எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் எண்பத்தெட்டை எங்கே கேட்டோம் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

பதினொரு வருஷத்துக்கு முன் ஐஸ்காரம்மா என்று ஒருவர் இவர்கள் ஆய்வகத்தில் இருந்தார். ஒப்பந்த வேலை. எப்போது பார்த்தாலும் கையில் ஐஸ் நிரப்பிய ஒரு வாளி, அதில் குட்டிக் குட்டிக் குழாய்கள். படிக்கட்டில் அந்தம்மா வருகிறார் என்பது ஐஸ் குலுங்குகிற சத்தத்திலேயே தெரியும். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். என்சைம் என்கிற வேலைக்காரப் புரதத்தில் ஒரு மணியை மாற்றி வைத்து, அது பிழைக்கிறதா சாகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எண்பத்தெட்டை மாற்றினார், என்சைம் செத்தது. இருநூற்றுப் பதிமூன்றை மாற்றினார், அதுவும் செத்தது. பிறகு அந்தம்மாவுக்கு ஒரு யோசனை. இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்தார். எண்பத்தெட்டில் இருந்தது அங்கே, அங்கே இருந்தது எண்பத்தெட்டில். செத்த என்சைம் எழுந்து உட்கார்ந்தது.

மூன்று வருஷ உழைப்பு அது. “ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் சார் இப்படி நடக்கும். ஜோடி மாறினாலும் கை பிடிச்சிருக்கு” என்று அவர் கூட்டத்தில் சொன்னார். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்தார். “நாலரை, தொடுதா?”

“தொடல. ஆறு புள்ளி ஒண்ணு.”

“ஒரு தடவை படத்தைத் திறந்து பாருங்க சார்” என்றார் அந்தம்மா. வாதாடவில்லை, வேண்டிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் இவர். படம் பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம், வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். விடுவாரா மனிதர்? அன்றைக்கென்று நாக்கில் சனி. “தொடணும்னு உங்களுக்கு ஆசை இருக்கு மேடம். அணுவுக்கு இல்லையே!” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்தம்மாவும் உதட்டை லேசாக இழுத்து, சிரிப்பது போல ஒன்று செய்தார். வாளியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுரை வெளியே போகவில்லை. ஒப்பந்தம் நீளவில்லை. இரண்டு மாதத்தில் படிக்கட்டில் ஐஸ் சத்தம் நின்றது. எங்கே போனார் என்று யாரோ சொன்னார்கள், பேருந்து நிலையத்துக்கு எதிரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறார் என்று. “அப்படியா” என்றார் இவர். அவ்வளவுதான் அவர் அதற்குக் கொடுத்த நேரம். இப்போது அந்த ‘அப்படியா’வும் நினைவுக்கு வந்தது.

நிரலைத் திருத்தி ஆயிரத்து நூற்று நாற்பதையும் புதிதாக எண்ணினார். ஒன்பது நாள் ஆயிற்று. விட்டுப்போனவை நாற்பத்தொரு தொடுகைகள். நாற்பதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மிச்சம் ஒன்று.

தலைவரிடம் போனார். தலைவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்து, மூக்குக்கண்ணாடி இரண்டாகியிருக்கிறது. கேட்டுவிட்டு, “இதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? புதுப் பதிப்புல சத்தம் போடாம சேர்த்துரு. யார் பழசோட ஒப்பிட்டுப் பாக்கப் போறா?” என்றார்.

“திருத்தக் குறிப்பு எழுதணும் சார். பட்டியல் வந்த ஆய்விதழுக்கு. அவங்க பேரையும் போட்டு.”

“எவங்க பேரை?”

சொன்னார். தலைவருக்கு நினைவுக்குக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அந்தம்மாவா! இப்ப எதுக்குப் புதைச்சதைத் தோண்டறே? இருபது வருஷப் பேருப்பா உனக்கு. நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அது மட்டும் இல்ல. பேரு போடணும்னா அவங்க கையெழுத்து வேணும். நேர்ல போய் நிக்கணும். போவியா?” என்றார்.

அந்தக் கேள்விதான் ஒரு வாரம் அவரைத் தின்றது. பெயர் போவதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. அந்த முகத்துக்கு எதிரே போய் நிற்பது எப்படி? முகமே நினைவில்லாதவருக்கு அந்த முகம் மட்டும், உதட்டை இழுத்த அந்தச் சிரிப்போடு, கண்ணை மூடினால் வந்து நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. மனைவி இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் தட்டை இழுத்துக்கொண்டார். “விஷயத்தைச் சொன்னாத்தான் சோறு.”

எல்லாவற்றையும் சொன்னார். ஜோக்கை மட்டும் விட்டுவிட்டார். பிறகு அதையும் சொன்னார்.

அத்தையைச் சொல்லிக் கேலி பேசின மனைவி அன்று கேலி பேசவில்லை, தட்டைத் திரும்ப இவர் பக்கம் தள்ளினார். “கணக்குத் தப்பானது சரி. யாருக்கும் ஆகும். அந்தப் பேச்சு எதுக்குங்க?” என்றார்.

“தெரியலயே” என்றார் நாலரை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு அவங்க சொன்னா வாங்கிக்கிட்டு வாங்க. ஆனா போங்க. லெட்டர் எழுதறேன், ஆள் மூலமா சொல்லி விடறேன்னு ஆரம்பிக்காதீங்க.”

வியாழக்கிழமை போனார். காலை வெறும் வயிற்றோடு ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரவேற்பில் இருந்த பெண், “டோக்கன் இருந்தாத்தான் உள்ள விடுவோம். என்ன டெஸ்ட்?” என்றாள். யோசிக்காமல், “சர்க்கரை” என்று சொல்லிவிட்டார். எண் முப்பத்தேழு. நீல பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் உறையை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வரை அது ஒழுங்காக வந்தது. முப்பத்தாறில் பாதி மறந்தது.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஐஸ்காரம்மா தலை நிமிராமல், “உட்காருங்க, சட்டைக் கையை மடிங்க” என்றார். காதோரம் நரை. அதே மெதுவான குரல். டோக்கனை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு நொடிதான்.

“சாரா? சர்க்கரையா உங்களுக்கு?”

“இல்ல… ஆமா. பாக்கலாம்னு.”

ரப்பர் பட்டையை இடது கையில் கட்டி, இரண்டு விரலால் நரம்பைத் தேடினார். தேடிய இடத்திலேயே கிடைத்தது. “சுருக்குனு இருக்கும்” என்றார். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாய் சிவப்பாக நிறைவதைப் பார்த்துக்கொண்டே, ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வராமல், “எண்பத்தெட்டும்…” என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்.

“இருநூத்திப் பதிமூணும்” என்று முடித்தார் அந்தம்மா. ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தார். “அழுத்திப் பிடிங்க. சீக்கிரம் விட்டா சட்டையில ஆகிடும்.”

வலது கையால் பஞ்சை அழுத்திக்கொண்டு நாலரை சொன்னார். நிரலில் நாற்பத்திரண்டாம் வரி, இரண்டாம் நிலை, இரண்டு புள்ளி ஒன்பது. “தொடுதுங்க. அன்னைக்கும் தொட்டுக்கிட்டுத்தான் இருந்தது. கோப்புலயே இருந்தது. நான்தான் படிக்கல.”

அந்தம்மா குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டினார். ஓரத்தை விரலால் நீவிவிட்டார். “எனக்குத் தெரியும் சார்” என்றார். “இடம் மாத்தி வெச்சப்ப எழுந்துச்சே. அது பொய் சொல்லாதுல்ல.”

“அன்னைக்கு ஒரு ஜோக் அடிச்சேன்.”

“ஞாபகம் இருக்கு.”

“அதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட வாய் வரல.”

அந்தம்மா இவர் மடியில் இருந்த உறையைப் பார்த்தார். பஞ்சை விட முடியாததால், “நீங்களே எடுங்க” என்று இவர் முகவாயால் காட்டினார். உள்ளே திருத்தக் குறிப்பு இரண்டு பக்கம், ஒப்புதல் படிவம் ஒன்று. அந்தம்மா நின்றபடியே முழுக்கப் படித்தார். அவர் கண் ஒவ்வொரு வரியாக இறங்குவதை இவர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர் முதலில் இருப்பதைக் கண்ட இடத்தில் அது கொஞ்சம் நின்றது.

“பதினொரு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு சார் என் பேரு?”

“நீங்கதான கண்டுபிடிச்சீங்க.”

“நான் மாத்தி வெச்ச அந்தக் குழாயெல்லாம் இருக்கா? மைனஸ் எம்பது டிகிரி ஃப்ரீஸர்ல, மூணாவது தட்டு. ரோஸ் கலர் டேப் ஒட்டின பெட்டி. அதை எடுத்துத் திரும்பச் செஞ்சா யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது.” முதல் முறையாக அந்தக் குரல் வேகமெடுத்தது. அந்த வேகத்தைக் கேட்கத்தான் இவருக்குப் பொறுக்கவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது, விசாரிக்கிறேன் என்று ஒரு வாரம் தள்ளியிருக்கலாம். “ஃப்ரீஸரைக் காலி பண்ணினாங்க” என்றார். “நீங்க போய் ரெண்டு வருஷம் கழிச்சு. இது யாருக்கும் தேவையில்லன்னு ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும். சீனியர் வேற யாரும் அன்னைக்கு இல்ல. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

வெளியே மணி அடித்து, முப்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். “ஒரு நிமிஷம் உட்காருங்கய்யா” என்றார் அந்தம்மா, திரும்பாமலே. கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் போட்டார். குழாயடியில் கை கழுவினார். நிதானமாக, விரல் விரலாக. இவர் அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தார். போட்டால் சரி என்றும் நினைத்தார்.

அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படிவத்தை ரத்தக் குழாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் குனிந்தார். பெயர், பணிபுரியும் இடம், கையெழுத்து. பணியிடம் என்ற கட்டத்தில் இவர் பழைய ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். வேலை அங்கேதானே நடந்தது, மரியாதையாக இருக்கும் என்ற எண்ணம். அந்தம்மா அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். கிறுக்கி அழிக்கவில்லை. அடித்தது அடியில் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது ஆய்வகக் குறிப்பேட்டின் சட்டம். அதை மறக்காத கை. மேலே, குண்டு குண்டான எழுத்தில், ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெயரையும் தெருவையும் எழுதினார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, இன்றைய தேதி. பிறகு கீழே முழுக் கையெழுத்து.

எழுதி முடித்துப் படிவத்தை இவர் பக்கம் திருப்பினார். கோட்டுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

“அடிச்சுத் திருத்தினா, பாத்தவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்ல சார். பாத்தீங்கதானே? போடுங்க.” பேனாவை நீட்டினார்.

நாலரை பஞ்சை விட்டுவிட்டு, அந்தக் கையால் பேனாவை வாங்கினார்.